'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' பாட்டில் ஜிம் மாரிசன் தன் சாவையா பாடினார்?

கேள்வி இதுதான்: "நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2 விளையாட்டில் ஸ்னூப் டாக் குரலோடு ஒரு மழைப் பாட்டு வருமே, அது டோர்ஸ் என்ற பழைய ராக் குழுவின் கடைசி ஹிட் என்று இப்போதுதான் தெரிந்தது. பாடிய ஜிம் மாரிசன் தன் சாவை அதில் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்கிறார்கள். பாட்டு வெளிவந்த உடனே அவர் இறந்தும் போனாராமே, உண்மையா?"

கடைசி ஹிட் என்பது உண்மை. வெளிவந்த கொஞ்ச நாளில் இறந்தார் என்பதும் உண்மை. சாவை முன்கூட்டியே பாடினார் என்பது மட்டும் பிறகு வந்தவர்கள் கட்டிய கதை. பாட்டு எப்படி உருவானது என்று பார்த்தால், அதில் இருக்கும் அமானுஷ்யம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும். அந்த விளக்கம் மாய மந்திரக் கதையைவிடச் சுவாரசியமானது என்பது என் கருத்து.

1970-ன் கடைசி மாதங்களில் டோர்ஸ் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 1965-ல் சேர்ந்த நாலு பேர் குழு. பாட ஜிம் மாரிசன், கீபோர்டில் ரே மான்சரெக், கிட்டாரில் ராபி க்ரீகர், டிரம்ஸில் ஜான் டென்ஸ்மோர். மாரிசனும் மான்சரெக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர்கள். மற்ற இருவரையும் மான்சரெக் சந்தித்தது மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பில். 1967-ல் 'லைட் மை ஃபயர்' முதலிடத்துக்குப் போனது, அடுத்த வருடம் 'ஹலோ, ஐ லவ் யூ'வும் முதலிடம். அதுவரை எல்லாம் ஏறுமுகம்.

1969 மார்ச் 1-ஆம் தேதி மயாமியில் நடந்த கச்சேரி எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. மாரிசன் மேடையில் நிறையக் குடித்திருந்தார். கூட்டத்தைத் திட்டினார். ஆபாசமாக நடந்துகொண்டார் என்று வழக்குப் போட்டார்கள். பல ஊர்களில் கச்சேரிகள் ரத்தாயின. 1970 அக்டோபரில் ஆறு மாதச் சிறைத்தண்டனை தீர்ப்பானது. அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே இருந்தார். (இந்த வழக்கில் ஃப்ளோரிடா மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2010 டிசம்பரில். செத்து முப்பத்தொன்பது வருடம் கழித்து! அதற்கும் ஒரு கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி...) ஆக, 'எல்.ஏ. வுமன்' என்ற புதிய ஆல்பத்துக்கு அவர்கள் உட்கார்ந்தபோது பாடகர் தலைமேல் சிறைத்தண்டனை தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு பருத்து, தாடி வளர்ந்து, 1967-ன் போஸ்டர் அழகன் அடையாளம் தெரியாமல் போயிருந்தார். எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய கடைசி ஆல்பமும் இதுதான்.

இந்த நேரத்தில்தான் தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் விலகினார். டோர்ஸின் முதல் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்களும் அவர் கைவண்ணம். கறாரான ஆள். 'தி அன்நோன் சோல்ஜர்' என்ற பாட்டுக்கு நூறு டேக்குக்கு மேல் வாங்கினார் என்று சொல்வார்கள். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் 'பெர்ல்' ஆல்பத்தையும் அவர்தான் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆல்பம் முடியும் தறுவாயில், அக்டோபர் 4-ஆம் தேதி, ஜாப்ளின் ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார். அந்த அடி ஆறுவதற்குள் டோர்ஸ் வந்து புதுப் பாட்டுகளை வாசித்துக் காட்டினார்கள். ராத்சைல்டுக்குப் பிடிக்கவில்லை. 'காக்டெய்ல் மியூசிக்' என்றார். ஹோட்டல் பாரில் குடிப்பவர்களுக்குப் பின்னணியாக ஓடும் சங்கதி என்று அர்த்தம். ராக் குழுவைப் பார்த்து இதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தத் திட்டு எந்தப் பாட்டுக்கு என்பதில் இரண்டு கட்சி உண்டு. 'ரைடர்ஸ்' பாட்டைத்தான் சொன்னார் என்று ஒரு கட்சி. ராத்சைல்டே பின்னால், இல்லை, நான் சொன்னது அதே ஆல்பத்தின் 'லவ் ஹெர் மேட்லி'யைப் பற்றி என்று விளக்கினார். எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். "நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனது நல்லதற்குத்தான். முதல் ஆல்பத்திலிருந்தே ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர் புரூஸ் பாட்னிக். அவரும் குழுவும் சேர்ந்து தயாரிப்பை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சான்டா மோனிகா பூலவார்டில் 8512-ஆம் எண் கட்டடம் அவர்கள் அலுவலகம். மாடியில் ஆபீஸ், கீழே ஒத்திகை அறை. டோர்ஸ் ஒர்க்‌ஷாப் என்று அதற்குப் பெயர். மாடியில் மிக்ஸிங் கருவியை வைத்து, கேபிள்களைக் கீழே இறக்கி, ஒத்திகை பார்த்த அதே அறையில் பதிவு செய்தார்கள். மாரிசன் பாடுவதற்குத் தனி அறை கிடையாது. பாத்ரூம்தான் பாடும் அறை. டைல்ஸ் போட்ட பாத்ரூமில் யார் பாடினாலும் குரலுக்கு ஒரு முழக்கம் கிடைக்கும் அல்லவா, அதைக் காசு செலவில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

1970 டிசம்பரில் தொடங்கி 1971 ஜனவரிக்குள் பதிவு முடிந்தது. பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நேரடியாக வாசித்தது, டேக்குகளும் குறைவு. நூறு டேக் வாங்கிய ஆள் கூடவே இருந்திருந்தால் இந்தப் பாட்டு இவ்வளவு சாவகாசமாக மூச்சு விட்டிருக்காது.

பாட்டு பிறந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. ஒத்திகையில் சும்மா 'கோஸ்ட் ரைடர்ஸ் இன் த ஸ்கை' என்ற பழைய கவ்பாய் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டான் ஜோன்ஸ் என்பவர் 1948-ல் எழுதியது. வானத்தில் பேய் மாடுகளைத் துரத்திக்கொண்டு பேய்க் குதிரைக்காரர்கள் ஓடும் கதை. அமெரிக்காவில் குழந்தைகள் முதல் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. க்ரீகரின் கிட்டாரில் அந்தப் பாட்டின் அதிர்வு இருக்கிறது. அதிலிருந்து நழுவி நழுவி வேறொன்றுக்குப் போனார்கள். மாரிசன் தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து வரிகளைக் கொண்டுவந்தார். தலைப்பு ஹார்ட் க்ரேன் என்ற அமெரிக்கக் கவிஞரின் கவிதை ஒன்றில் வரும் தொடரை ஒட்டி இருக்கிறது. மாரிசன் விழுந்து விழுந்து கவிதை படித்தவர் என்பதால் அந்தத் தொடர்பில் வியப்பில்லை.

பெயர் யாருக்கு என்ற சண்டையும் இல்லை. அந்த ஆல்பத்தின் சொந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் எழுதியவர் 'தி டோர்ஸ்' என்றே இருக்கும், வருமானமும் நாலு பங்கு.

இசைக்கு வருவோம். இந்தப் பாட்டில் நான் ரசிக்கும் விஷயமே அதன் அடித்தளம்தான். டோர்ஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடையாது. மேடையில் மான்சரெக் இடது கையால் ஒரு சின்ன பேஸ் கீபோர்டை வாசிப்பார், வலது கையால் ஆர்கன். ஸ்டுடியோவில் அவ்வப்போது வெளியாள் வருவார். 'எல்.ஏ. வுமன்' ஆல்பத்துக்கு வந்தவர் ஜெர்ரி ஷெஃப். எல்விஸ் பிரெஸ்லியின் குழுவில் வாசித்தவர். மாரிசன் எல்விஸ் பைத்தியம், அதனால் இவர் வந்ததில் அவருக்குச் சிறு பிள்ளை மாதிரி குஷி.

மான்சரெக் தன் இடது கையில் உருவாக்கியிருந்த ஒரு சுழலும் வரியை ஷெஃபிடம் கொடுத்து, இதை பேஸில் வாசி என்றார். கீபோர்டில் கை பழக்கத்தில் தானாக ஓடும் வரி அது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்திகளில் அதே வரி விரலை முறிக்கும். வாசித்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பார்க்க நாலைந்து ஸ்வரம், ஏழு நிமிடம் தளராமல் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும்போது மணிக்கட்டு கெஞ்சும். ஷெஃப் முணுமுணுத்தார், ஆனாலும் வாசித்தார். பாட்டில் ஏதோ ஒன்று நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கிற உணர்வு வருகிறதே, இரவில் ஹைவேயில் டயர் ஓடுகிற மாதிரி, அது இந்த வரியால்தான். கீபோர்டுக்காரன் யோசித்ததை பேஸ்காரன் கஷ்டப்பட்டு வாசித்ததால் வந்த இழுவை.

மான்சரெக் இந்தப் பாட்டில் ஆர்கனை ஒதுக்கிவிட்டு ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவை எடுத்தார். மணி அடிப்பதுபோல் உருண்டையான, ஈரமான ஓசை. மேலிருந்து கீழே பொழிகிற மாதிரி அவர் வாசித்திருப்பதே பாதி மழை. டென்ஸ்மோர் ஜாஸ் பைத்தியம். ராக் டிரம்மர் மாதிரி அடிக்காமல், சிம்பலில் மெல்லிசாகத் தட்டிக்கொண்டே போகிறார். அவர் ஒரே ஒரு இடத்தில் முரட்டுத்தனம் காட்டியிருந்தாலும் பாட்டு உடைந்திருக்கும். இந்த அடக்கத்தைத்தான் ஒருவர் காக்டெய்ல் மியூசிக் என்று கேட்டிருக்கலாம். அதே அடக்கம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டின் பெரும்பகுதி மேற்கத்தியக் கணக்கில் ஈ டோரியன். நம் கணக்கில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். (ராகம் என்று சொல்லவில்லை, கமகமும் பிரயோகமும் இல்லாமல் ஏது ராகம். ஸ்வர வரிசையை மட்டும் சொல்கிறேன்.) சாதாரண மைனரில் எழுதியிருந்தால் நடபைரவியின் ஸ்வரங்கள் வந்து அழுகை கூடியிருக்கும். இங்கே தைவதம் மேலே நிற்பதால் சோகமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் ஒரு நிதானம். சரணத்தின் நடுவில் மட்டும் அந்தத் தைவதம் இறங்கிவிட்டுத் திரும்பும். அந்த இடத்தில் காதை வைத்துக் கேட்டால், காலடியில் தரை லேசாகச் சரிவது தெரியும்.

அப்புறம் வரிகள். இந்த உலகில் நாம் எறியப்பட்டவர்கள், எலும்பு கிடைக்காத நாய்போல, இரவல் கொடுக்கப்பட்ட நடிகன்போல என்று முதல் சரணம். மூன்றாவது சரணம் ஒரு பெண்ணிடம், உன் ஆளை நேசி, அவன் கையைப் பிடி என்கிற காதல் வேண்டுதல். நடுவில் இருப்பதுதான் விஷயம். சாலையில் ஒரு கொலைகாரன் நிற்கிறான், இவனுக்கு வண்டியில் இடம் கொடுத்தால் உன் குடும்பம் சாகும்.

இது மாரிசன் கனவில் கண்டது இல்லை. பில்லி குக் என்று ஒருவன் இருந்தான். 1950 டிசம்பர் கடைசியிலிருந்து 1951 ஜனவரிக்குள், லிஃப்ட் கேட்டு வண்டியில் ஏறி, ஆறு பேரைக் கொன்றான். இல்லினாய்ஸிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பமே அதில் அடக்கம், அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள். மெக்சிகோவில் பிடிபட்டு, 1952 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் மரண தண்டனை பெற்றான். அவன் கதையை வைத்து 1953-லேயே ஐடா லுபினோ 'தி ஹிட்ச்-ஹைக்கர்' என்ற படம் எடுத்துவிட்டார். குக் கொலை செய்தபோது மாரிசனுக்கு ஏழு வயது. அப்பா கடற்படை அதிகாரி என்பதால் ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பம். நெடுஞ்சாலையும் பாலைவனமும் காரின் பின்சீட்டும்தான் அந்தப் பையனின் பிள்ளைப் பிராயம்.

வளர்ந்த பிறகு அவரே கட்டை விரலைக் காட்டி லிஃப்ட் கேட்டு ஃப்ளோரிடா முழுக்கச் சுற்றினார். 1969-ல் நண்பர்களோடு சேர்ந்து 'எச்டபிள்யூஒய்' என்ற படத்தை எடுத்தார். ஐம்பது நிமிடம் போல ஓடும். மொஹாவி பாலைவனத்தில் லிஃப்ட் கேட்டு நிற்கும் ஒருவன், ஏற்றிக்கொண்டவனைக் கொன்றுவிட்டு வண்டியோடு போய்விடுகிறான் என்று நாமே ஊகித்துக்கொள்ளும்படி இருக்கும். அந்த ஆளாக நடித்தது மாரிசன். அவன் ஓட்டிப்போகும் ஷெல்பி முஸ்டாங்கும் மாரிசனின் சொந்த வண்டி. படமாகச் சுமார்தான், ரசிகனாக இருந்தாலும் ஒருமுறைக்கு மேல் பார்க்க முடியாது. ஆனால் பாட்டின் நடுச் சரணம் அந்தப் படத்தின் சுருக்கம் என்பது பார்த்தால் புரிந்துவிடும். ஆக, பாட்டில் அவர் தன்னை வைத்துப் பார்த்தது சாகிறவனின் இடத்தில் இல்லை. சாலையோரம் நிற்பவனின் இடத்தில்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இவர்கள் ஒர்க்‌ஷாப்பில் பதிவு செய்துகொண்டிருந்த அதே வாரங்களில், அதே லாஸ் ஏஞ்சலிஸில், சார்லஸ் மேன்சன் என்பவனின் ஹிப்பி கும்பல் மீதான கொலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது 1971 ஜனவரி 25-ஆம் தேதி. தலைமுடி வளர்த்த பையன் சாலையில் கை காட்டினால் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்ட ஊர், இரண்டே வருடத்தில் கதவை லாக் செய்துகொண்டு பறக்க ஆரம்பித்திருந்தது. பாட்டின் பயம் அந்த ஊரின் அன்றாடப் பயம்.

1970 டிசம்பர் 8-ஆம் தேதி மாரிசனுக்கு 27 வயது நிறைந்தது. அன்று வேறொரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து தன் கவிதைகளைப் படித்துப் பதிவு செய்தார். 11-ஆம் தேதி டல்லாஸ் கச்சேரியில் குழு இந்தப் புதுப் பாட்டை மேடையேற்றியது. மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் 'தி வேர்ஹவுஸ்' என்ற இடத்தில் கச்சேரி. நடுவில் மாரிசனுக்குத் தெம்பு போய்விட்டது. மைக் ஸ்டாண்டைத் தூக்கி மேடைப் பலகையில் திரும்பத் திரும்பக் குத்தி உடைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். இனி மேடை வேண்டாம் என்று மற்ற மூவரும் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். அந்த நால்வர் சேர்ந்து பொதுமேடையில் நின்றது அதுவே கடைசி.

மேடையில் அப்படி இருந்தவர் பாத்ரூமில் மைக் முன்னால் எவ்வளவு அமைதியாகப் பாடியிருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். கத்தல் இல்லை, நாடகம் இல்லை. பாடி முடித்த பிறகு, அந்தக் குரலின் மேலேயே அதே வரிகளை இன்னொரு முறை கிசுகிசுப்பாகச் சொல்லிப் பதிவு செய்தார். ஸ்பீக்கரில் கேட்டால் பிடிபடாது. ஹெட்ஃபோனில் கேட்டால் பாடும் குரலுக்குப் பின்னாலேயே ஒரு நிழல்போல ஒட்டிக்கொண்டு வரும். டோர்ஸுடன் மாரிசன் கடைசியாகப் பதிவு செய்தது அந்தக் கிசுகிசுப்புதான் என்று மான்சரெக் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நேரடியாகக் காதில் விழாமல் உள்ளே எங்கோ உறுத்துகிற விஷயம் அது. ஆவி பாடுகிற மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் சொல்வதற்கு முக்கால் பங்கு காரணம் இந்த ஒரு ஒலிப்பதிவு உத்தி.

மீதிக் கால் பங்கு மழையும் இடியும். அவை எங்கே பதிவு செய்யப்பட்டவை என்று ரொமான்டிக்காகக் கேட்பவர்கள் ஏமாந்து போவார்கள். எலெக்ட்ரா நிறுவனம் ரயில் சத்தம், கதவுச் சத்தம், மழைச் சத்தம் என்று ஒலி விளைவுகளை மட்டுமே தொகுத்து இசைத்தட்டுகளாக விற்று வந்தது. நிறுவனர் ஜாக் ஹோல்ஸ்மனின் வியாபார மூளை. அந்தச் சரக்கிலிருந்து மழையையும் இடியையும் எடுத்துக் கலவையின்போது பாட்னிக் சேர்த்தார். அதாவது கம்பெனி கிடங்கில் இருந்த மழை. அதைப் போட்ட இடங்கள்தான் அழகு. மான்சரெக்கின் ரோட்ஸ் விட்டுக்கொடுக்கும் இடைவெளிகளில் இடி உருள்கிறது, பாட்டின் மேல் ஏறிவிழாமல்.

1971 மார்ச்சில், ஆல்பத்தின் வேலைகள் முடிகிற சமயத்தில், மாரிசன் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். காதலி பாமெலா கோர்சன் ஏற்கெனவே அங்கே போயிருந்தார். 'எல்.ஏ. வுமன்' ஏப்ரல் 19-ல் வந்து அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம்வரை போனது. முதல் சிங்கிள் (ஒரு பாட்டுக்காகத் தனியாக விற்கும் சின்ன இசைத்தட்டு) 'லவ் ஹெர் மேட்லி' பதினொன்றாம் இடம். ராத்சைல்ட் வெறுத்ததாகச் சொன்ன பாட்டு! இரண்டாவது சிங்கிளாக 'ரைடர்ஸ்' ஜூனில் வந்தது, மறுபக்கத்தில் 'தி சேஞ்ச்லிங்'. ஏழு நிமிடப் பாட்டை ஏஎம் ரேடியோ போடாது என்பதால் நாலரை நிமிடமாக வெட்டினார்கள். வெட்டுப்பட்டது பெரும்பாலும் மான்சரெக்கின் வாசிப்பு. எஃப்எம் நிலையங்கள் முழு நீளத்தையே ஓடவிட்டன.

பில்போர்டு நூறு பாட்டுப் பட்டியலில் அது நுழைந்த வாரத்தின் தேதி ஜூலை 3, 1971. அன்று காலையில்தான் பாரிஸில் ரூ போத்ரேய் தெருவின் 17-ஆம் எண் வீட்டுக் குளியல் தொட்டியில் மாரிசன் இறந்து கிடந்தார். இதயம் நின்றுபோனதால் மரணம் என்று சான்றிதழ். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அந்த ஒரு ஓட்டை போதாதா, ஹெராயின் என்றும், சாகவே இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறார் என்றும் இன்றுவரை கதைகள் வருகின்றன. ஜூலை 7-ல் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் முன்னால் அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகத்துக்கே செய்தி போனது.

இப்போது யோசியுங்கள். ரேடியோவில் பாட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. மழை, இடி, எறியப்பட்ட மனிதர்கள், பின்னால் கிசுகிசுக்கும் ஒரு குரல். நடுவில் செய்தி: பாடியவர் இறந்துவிட்டார், வயது 27. அதற்கு முந்தைய செப்டம்பரில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், அக்டோபரில் ஜாப்ளின், இருவரும் அதே 27. இந்த நிலையில் யார் கேட்டாலும் அது சாவுப் பாட்டாகத்தான் கேட்கும். பாட்டு பதினான்காம் இடம்வரை போனது. பிரிட்டனில் இருபத்திரண்டு. "மூன்றாவது ஆள் நான்தான்" என்று மாரிசன் குடிக்கும்போது நண்பர்களிடம் சொன்னார் என்று ஒரு கதையும் இதோடு சேர்ந்துகொண்டது. சொல்லியிருக்கலாம். குடிகாரர்கள் சொல்வதில் நடந்ததை மட்டும் நினைவு வைத்துக்கொள்வது நம் பழக்கம்.

எதிர்ப்பக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸிலிருந்து மாரிசன் டென்ஸ்மோருக்குப் போன் செய்து ஆல்பம் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நன்றாகப் போகிறது என்று கேட்டு மகிழ்ந்தார், திரும்பி வந்து இன்னொன்று செய்யலாம் என்கிற தோரணையில் பேசினார். டென்ஸ்மோர் தன் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். இங்கே மற்ற மூவரும் அவர் வருவார் என்று நம்பி அடுத்த ஆல்பத்துக்கு ஒத்திகையே தொடங்கியிருந்தார்கள். விடைபெறும் பாட்டைப் பாடிவைத்துவிட்டுப் போகிறவர் விற்பனை நிலவரம் கேட்டுப் போன் செய்வாரா?

அவர் வரவில்லை. ஒத்திகை பார்த்த பாட்டுகளை மான்சரெக்கும் க்ரீகருமே பாடி, அதே அக்டோபரில் 'அதர் வாய்சஸ்' என்று வெளியிட்டார்கள். அதன் சிங்கிள் எழுபத்தொன்றாம் இடத்தோடு நின்றது. அடுத்த வருடம் 'ஃபுல் சர்க்கிள்', அதில் 'தி மஸ்கிட்டோ' எண்பத்தைந்து. மோசமான பாட்டுகள் என்று சொல்ல மாட்டேன். மூன்று தேர்ந்த கலைஞர்களின் வாசிப்பு. ஆனால் அந்தப் பெயரில் ஜனங்கள் எதிர்பார்த்த குரல் அதில் இல்லை. 1973-ல் கலைத்துவிட்டார்கள். ஆகவேதான் 'ரைடர்ஸ்' கடைசி ஹிட்.

விளையாட்டில் நீங்கள் கேட்டது 2004-ல் செய்த ரீமிக்ஸ். தயாரித்தவர் ஃப்ரெட்ரெக், ராப் பகுதி ஸ்னூப் டாக். மாரிசனின் குரல் பழைய பதிவிலிருந்தே எடுத்தது. இரவில், நனைந்த ரோட்டில், கார் ஓட்டும் விளையாட்டுக்கு இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு சபாஷ் போடலாம், 1969-ல் மாரிசன் பாலைவனத்தில் எடுக்கப் பார்த்த படத்துக்கு அது அவ்வளவு தூரத்தில் இல்லை.

கேட்க விரும்பினால் சிங்கிளை விட்டுவிட்டு ஆல்பத்தில் உள்ள ஏழு நிமிட வடிவத்தைக் கேளுங்கள், ஹெட்ஃபோனில். முதல் தடவை பேஸ் வரியை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாவது தடவை கிசுகிசுப்பைத் தேடுங்கள். அது முடிந்ததும் 2021-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பைத் தேடிப் பிடித்தால், சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் எடுத்த முதல் டெமோ அதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, ராத்சைல்ட் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.